இடது பக்கத்து மூடி

எங்கப்பாவுக்குப் பதிலா ஒரு தூணைக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். தூணாவது எதைக் காட்டினாலும் "நல்லாருக்கும்மா, இதையே எடுத்துடு"ன்னு சொல்லாது.

மொதக் கடை கோலாலம்பூர்ல ஒரு பெரிய மால்ல. கடைக்காரச் சீனர் ரொம்பப் பொறுமைசாலி. கருப்புத் துணிய விரிச்சு நாலு பைனாகுலரை வரிசையா வெச்சாரு. நான் அப்பாகிட்ட தெளிவா சொன்னேன். "அவசரப்படாதீங்க. எதிர்க்கடை போர்டைப் பாருங்க, அப்புறம் அந்த இருட்டு மூலையைப் பாருங்க, ஓரத்துல மங்குதான்னு பாருங்க." மண்டைய மண்டைய ஆட்டினாரு. மொத பைனாகுலரைக் கண்ணுல வெச்சாரு, மூச்சு விடுறதுக்குள்ள எடுத்துட்டாரு.

"சூப்பர்மா. இதையே எடுத்துடலாம்."

ரெண்டாவதும் சூப்பர். மூணாவதும் சூப்பர். கடுப்புல நான் பக்கத்து ரேக்ல தொங்கின பிள்ளைங்க விளையாட்டு பைனாகுலரை எடுத்துக் குடுத்தேன். பச்சைக் கலர் பிளாஸ்டிக்கு. அதையும் கண்ணுல வெச்சுப் பார்த்துட்டு, "இதுவும் பரவால்லயே, விலை எவ்வளவாம்?"னாரு. சீனர் என்னைப் பார்த்தாரு. நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்பா, நெசமாவே பார்க்கிறீங்களா, இல்ல என் வாய அடைக்கச் சொல்றீங்களா?"

"பார்க்கிறேன்லா. அங்க எழுதியிருக்கிறது எல்லாம் தெரியுது. வேற என்ன வேணும்?"

வேற என்ன வேணுமா! மூணு வாரமா நான் சாப்பிடும்போதுகூட போன்ல பைனாகுலர் வீடியோதான் பார்த்துட்டு இருந்தேன். என் வீட்டுக்காரர் மார்க் பயந்தே போயிட்டாரு. எட்டு மடங்கா, பத்து மடங்கா? பத்துன்னா பறவை பெருசாத் தெரியும், ஆனா கை ஆடினா பறவையும் சேர்ந்து ஆடும். எட்டுன்னா ஆட்டம் கம்மி, ஆனா தூரத்துப் பருந்து தூரத்துலயே நிக்கும். அப்பா கண்ணாடி போடுறவரு, அதனால கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவுல போதுமான இடைவெளி கிடைக்கணும். நம்ம ஊரு ஈரத்துக்கு உள்ள பூஞ்சை பிடிக்காம, ஈரக் காத்து புகாம அடைச்ச மாடலா இருக்கணும். மலிவா வேணும்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். பணக்காரனா இருந்தாலும் கண்ண மூடிட்டு வாங்கலாம். நடு விலைக்காரனுக்குத்தான் சனியன். ஆயிரத்துல இருந்து ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குள்ள எதை எடுத்தாலும் ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்காது.

எனக்கு அப்படிக் கண்ண மூடிட்டு வாங்கவும் வராது. ஷா ஆலம்ல ஒரு பேக்டரியில பர்ச்சேஸிங்ல இருக்கேன். மூணு கொட்டேஷன் இல்லாம ஒரு ஸ்டேப்ளர்கூட வாங்க மாட்டோம். வந்த சாமானைப் பிரிச்சு, திருப்பி, தட்டிப் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன். அதனாலதான் மூணு கடை.

அப்பா, இக்னேஷியஸ், போர்ட் கிள்ளான்ல கிரேன் ஓட்டினவரு. அவ்வளவு உசரத்துல கூண்டுல தனியா உட்கார்ந்திருக்கும்போது செம்பருந்துங்க அவருக்குக் கீழ வட்டம் போடுமாம். "பருந்தை ஊரே அண்ணாந்து பார்க்கும், நான் குனிஞ்சு பார்த்தவன்"னு இன்னிக்கும் பீத்திக்குவாரு. பறவைப் பைத்தியம் அங்க பிடிச்சதுதான். வேலையை விட்ட பிறகு கூட்டாளி சின்னையா அங்கிளோட சேர்ந்து டெங்கில் பக்கம் இருக்கிற சதுப்புல கொக்கு, மீன்கொத்தின்னு பார்த்துட்டு வருவாரு. பழைய பைனாகுலர் உள்ள பூஞ்சை பிடிச்சுப் போயிடுச்சு. புதுசு வாங்கித் தரேன்னு நானே வாயைக் குடுத்தேன்.

ஆனா அன்னிக்கு நாங்க கிளம்பினதுக்குப் பைனாகுலர் மட்டும் காரணம் இல்ல. காரணம் கார் சாவி.

எங்க அண்ணன் கால்வின் வெளிநாட்டுல, பெர்த்ல இருக்கான். வீடியோ கால்ல வந்து அங்கிருந்தே குடும்பம் நடத்துறவன். கொஞ்ச நாளா அப்பாவோட கார்ல கீறல் விழுந்துட்டே இருந்துச்சு. சர்ச் பார்க்கிங் சுவத்துல உரசி ஒண்ணு, கோப்பிக் கடை முன்னாடி ஒண்ணு, அப்புறம் சைட் மிரர் வேற உடைஞ்சுது. யார் படம் எடுத்து அனுப்பினாங்கன்னு தெரியல, கால்வின் எனக்குப் போன் போட்டான். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு ஷெர்லி. சாவிய வாங்கி வெச்சிரு. அம்மா கிராப் டாக்சியில போகட்டும்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அம்மாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். கிள்ளான் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகணும். முடிச்சுட்டு வரும்போது அம்மாவுக்குத் தலை சுத்தும், சில நாள் வாந்தி வரும். அப்பா மடியில துண்டும் பிளாஸ்டிக் பையும் வெச்சுக்கிட்டு, ஓரமா நிறுத்தி, முதுகைத் தடவிக் கூட்டிட்டு வருவாரு. கிராப் டிரைவர் தடவுவானா? இல்ல பெர்த்துல இருந்து இவன் வந்து தடவுவானா? "உன் கண்ணையும் என் கண்ணையும் விட அப்பா கண்ணு நல்லாருக்கு. மரத்து உச்சியில இருக்கிற குருவியக் காட்டுறாரு மனுஷன்"னு கத்திட்டு வெச்சுட்டேன்.

கத்திட்டேனே தவிர, உள்ளுக்குள்ள கொஞ்சம் உதைச்சுது. அதனால ஒரு திட்டம் போட்டு, கால்வினுக்கும் மெசேஜ் போட்டேன். சனிக்கிழமை அப்பாவே கிள்ளான்ல இருந்து கோலாலம்பூர் வரைக்கும் ஓட்டட்டும், அப்புறம் திரும்பி ஓட்டிட்டு வரட்டும். ஒரு கீறல் இல்லாம வந்துட்டா கால்வினுக்குப் பதில் சொல்லியாச்சு. சாவி அப்பாகிட்டயே இருக்கும்.

அம்மாதான் காலையிலேயே மூக்கை நுழைச்சாங்க. எங்கம்மா கெர்ட்ரூட் உடம்பு முடியாம இருந்தாலும் ஊருக்கே டிராபிக் போலீஸ். "கொமுட்டர் ரயில்ல போங்களேன், சென்ட்ரல்ல இறங்கினா பிரிக்பீல்ட்ஸ் நடந்துடலாம்"னாங்க. மூணு கடைம்மா, ரயிலு கடை கடையா நிக்காதுன்னேன். "அப்படின்னா நீ முன் சீட்டுல உட்காரு. போனை நோண்டாத. ரோட்டைப் பார்த்துட்டு வா"ன்னாங்க. நானா ஓட்டப் போறேன்னு கேட்டா, "சொன்னதைச் செய்"ன்னாங்க. வாசல்ல நின்னு கார் திரும்புற வரைக்கும் பார்த்துட்டே இருந்தாங்க.

கொஞ்ச நாளாவே கார்ல அம்மா பக்கத்துல இருந்தா காது புளிச்சுப் போகும். "என்னங்க, லெப்ட்ல மோட்டார். லெப்ட்ல லோரி நிக்குது. லெப்ட்ல பொம்பளை கிராஸ் பண்றா." ஒரு ரோடு முழுக்க லெப்ட், லெப்ட்தான். பின் சீட்டுல உட்கார்ந்துட்டு எத்தனை தடவை நான் எரிஞ்சு விழுந்திருக்கேன்! "அம்மா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்களேன், அப்பாதான் ஓட்டுறாருல்ல?" அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அம்மாவும் நிறுத்த மாட்டாங்க. அன்னிக்கு அந்தத் தொல்லை இல்லாம நிம்மதியா போன்ல எட்டா பத்தான்னு படிச்சுட்டே வந்தேன்.

ரெண்டாவது கடை சுபாங்ல, மலை ஏறுறவங்களுக்குச் சாமான் விக்கிற இடம். அங்கயும் அதே கூத்துதான். "ரொம்பத் தெளிவா இருக்கு", "இது போதும்", "நல்லாருக்கும்மா." ஒரு தடவை திரும்பும்போது பக்கத்துல இருந்த டிரைபாட் ஸ்டாண்டு மேல இடிச்சு அதைக் கீழ வேற தள்ளிட்டாரு. கடைக்காரப் பொண்ணுகிட்ட நான் பல்ல இளிச்சு மன்னிப்புக் கேட்டேன்.

"பார்த்து நடக்கக்கூடாதாப்பா?"

"வழியில கொண்டாந்து வெச்சிருக்கான்"னாரு.

வழியில இல்ல. ஓரமாத்தான் இருந்துச்சு. சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல.

சுபாங்ல இருந்து பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்றதுக்குள்ள ஜாம் உயிரை எடுத்துச்சு. சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னாடி அப்பா என் பக்கமா ஒதுங்கினாரு. ஒரு அலறல் ஹாரன். என் ஜன்னலுக்கு ஒரு கை தூரத்துல ஒரு மோட்டார்காரன் பிரேக் போட்டு, கால ஊனி, ஹெல்மட்டுக்குள்ள இருந்து மலாய்ல வண்டி வண்டியா திட்டினான். அப்பா கை ஸ்டியரிங்ல அப்படியே இறுகிப் போச்சு. நான் கண்ணாடிய இறக்கி அவனை வாங்கு வாங்குன்னு வாங்கினேன். "சந்துல பொந்துல எல்லாம் நுழைய வேண்டியது, அப்புறம் திட்ட வேண்டியது!"ன்னு. அவன் போனதுக்கு அப்புறமும் திட்டிட்டே இருந்தேன். அப்பா தலையை முழுசாத் திருப்பி என் பக்க ஜன்னலைப் பார்த்துட்டுத்தான் வண்டிய நகர்த்தினாரு. பாவம், பயந்துட்டாருன்னு நினைச்சேன்.

மூணாவது கடை பழைய கேமராக் கடை. மோனோரயில் பாதைக்குக் கீழ, பூக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு இருக்கும். முதலாளி வேலாயுதம் அண்ணே பறவைக்காரங்களுக்கு ரொம்பப் பழக்கமானவரு. கண்ணாடி அலமாரியத் திறந்து, "அக்கா, நீங்க சொல்ற விலைக்கு இதைவிட நல்லது இல்ல. எட்டு மடங்கு, எடை கம்மி, கண்ணாடி போட்டவங்களுக்கும் முழுசா தெரியும்"னு ஒண்ணை எடுத்தாரு. என் லிஸ்ட்லயும் அதுதான் முதல்ல இருந்துச்சு. லென்ஸ் முன்னாடி ரப்பர் மூடி, உடம்போட ஒட்டிக்கிட்டுத் தொங்குற மாதிரி. வலது பக்க மூடியக் கழட்டி விட்டாரு, அதுக்குள்ள அவர் போன் அடிச்சுது. "ஒரு நிமிஷம் அக்கா"ன்னு உள்ள போயிட்டாரு.

அப்பாவுக்குப் பொறுமை ஏது? எடுத்துட்டு வாசலுக்குப் போயிட்டாரு. எதிர்ல மோனோரயில் தூண் மேல ஒரு காக்கா உட்கார்ந்திருந்துச்சு. கண்ணுல வெச்சாரு. நான் அவருக்கு இடது பக்கத்துல போய் நின்னேன்.

"அடேங்கப்பா. ஷெர்லி, கழுத்துல அந்தச் சாம்பல் கலர்கூடத் தெரியுதும்மா. மூக்குல ஏதோ ஒட்டியிருக்கு, சோறு மாதிரி. இது அருமை. இதை எடுத்துடலாம்."

இந்தத் தடவை ஏதோ நிஜமா பார்த்துத்தான் சொல்றாருன்னு எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்பதான் பார்த்தேன். இடது பக்கத்து மூடி மூடியே இருந்துச்சு. கருப்பு ரப்பரு, லென்ஸை முழுசா அடைச்சுக்கிட்டு.

ஒரு பக்கம் மூடின பைனாகுலரைக் கண்ணுல வெச்சா பாதி கும்மிருட்டு. குழந்தைகூட உடனே கீழ இறக்கிட்டு "என்ன இது?"ன்னு கேட்கும். அப்பா காக்கா மூக்குல சோத்தைப் பார்த்துட்டு இருக்காரு.

"அப்பா, ரெண்டு பக்கமும் தெளிவா இருக்கா?"

"ரெண்டு பக்கமும் பளிச்சுன்னு இருக்கும்மா."

மெதுவா கையை நீட்டி அந்த மூடியைத் தட்டி விட்டேன். அது தொங்குச்சு. அப்பா முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. என் உள்ளங்கையை அந்த லென்ஸ் முன்னாடி வெச்சு மறைச்சேன். எடுத்தேன். மறுபடி மறைச்சேன். வந்த சாமானைத் தட்டிப் பார்க்கிற புத்தி, என்ன பண்றது.

"ஆ, போச்சு, பறந்துடுச்சு"ன்னாரு அப்பா. அவர் சொன்னது காக்காவை.

உள்ள இருந்து வேலாயுதம் அண்ணே திரும்பி வந்தாரு. அவரும் என் கையைப் பார்த்துட்டாரு போல. வாயைத் திறந்தாரு, என் மூஞ்சியைப் பார்த்துட்டு மூடிக்கிட்டாரு. "பேக் பண்ணிடவா அக்கா?"ன்னு மட்டும் கேட்டாரு. தலையாட்டினேன். மூணு கொட்டேஷனும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்னு அப்படியே கார்டை நீட்டினேன்.

பார்க்கிங்ல அப்பா டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாரு.

"சாவி குடுங்கப்பா."

"ஏன்? நான் ஓட்டுறேன்ல?"

"குடுங்க."

"கால்வின் போன் பண்ணானா?"

"மூடி மூடியிருந்துச்சுப்பா. இடது பக்கம். நான் கைய வெச்சு வெச்சு எடுத்தேன், உங்களுக்குத் தெரியவே இல்ல."

அப்பா திறந்த கதவை விட்டு விலகினாரு. அப்புறம் சாவிய என் கையில குடுக்காம கார் கூரை மேல வெச்சாரு. சுத்திக்கிட்டு வந்து அந்தப் பக்கம் ஏறினாரு. நான் எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணல.

"எப்ப இருந்து?"

"ஈஸ்டருக்கு முன்னாடி. காலையில எழுந்தா அந்தப் பக்கம் இருட்டு. கண்ணுக்குள்ள ரத்தக் குழாய் அடைச்சிருச்சாம். இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"யாரு கூட்டிட்டுப் போனது டாக்டர்கிட்ட?"

"நானே ஓட்டிட்டுத்தான் போனேன்."

அய்யோ கடவுளே! எனக்கு அழுகையா வந்துச்சா, கோபமா வந்துச்சான்னு தெரியல, கத்த ஆரம்பிச்சுட்டேன். "உங்களுக்கு அறிவு இருக்காப்பா? உடம்பு முடியாத மனுஷிய பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒத்தக் கண்ணோட பாலம் ஏறி இறங்கியிருக்கீங்க! வர்ற வழியில அந்த மோட்டார்காரனுக்கு ஏதாவது ஆகியிருந்தா? அவன் வீட்டுல யாரு பதில் சொல்றது? நான் வேற அவனைத் திட்டுறேன், மடச்சி மாதிரி! கால்வின்கிட்ட உங்களுக்காகச் சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்!"

அப்பா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. நான் மூச்சு வாங்கினப்போ மெதுவா கேட்டாரு. "சாவியக் குடுத்திருந்தா அவளை யாரு கூட்டிட்டுப் போறது? நீயா? கால்வினா?"

பூச்சோங்ல வீடு, ஷா ஆலம்ல வேலை, லீவு நாளுக்கும் பொறந்த நாளுக்கும் கேக் வாங்கிட்டுப் போறவ நான். வீட்டுக்குப் போற வழியெல்லாம் அந்தக் கேள்விதான் ஓடுச்சு.

கிள்ளான் நெருங்கும்போது கேட்டேன். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவ இதுல இழுக்காத"ன்னாரு.

தெரியாதுன்னு எடுத்துக்கிட்டேன். நாப்பது வருஷத்துக்கு மேல கூட இருக்கிற பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாம மறைச்சிருக்காரே, எவ்வளவு கல்நெஞ்சுன்னு நினைச்சு இன்னும் எரிச்சலா வந்துச்சு. ஞாயித்துக்கிழமை முழுக்க அம்மாகிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு வார்த்தை வார்த்தையா யோசிச்சேன். இதைக் கேட்டு அம்மாவுக்கு பிரஷர் ஏறிட்டா? கால்வின் வேற "டிரிப் எப்படிப் போச்சு?"ன்னு மெசேஜ் போட்டுட்டான். பதில் போடாம விட்டுட்டேன். அவன் சொன்னது சரின்னு டைப் பண்ண என் விரலு ஒத்துக்கல.

திங்கக்கிழமை லீவு போட்டுட்டு விடிஞ்சதும் கிள்ளான் போனேன். அப்பாவுக்கு முட்டி வலி, இன்னிக்கு நான் ஓட்டுறேன்னு ஒரு பொய்யைத் தயார் பண்ணி வெச்சிருந்தேன். சொல்ல வேண்டிய வேலையே வரல. அம்மா துண்டு, பிளாஸ்டிக் பை, போர்வை எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வெளிய வந்தாங்க. ஸ்டியரிங் முன்னாடி நான் உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தாங்க. அப்பா பின் சீட்டுல புது பைனாகுலரைக் கழுத்துல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தாங்க. ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி இல்ல. முன் சீட்டுல ஏறி பெல்ட்டைப் போட்டுக்கிட்டாங்க. எங்கம்மா ஒரு விஷயத்தைக் கேட்காம விட்டு நான் பார்த்ததே இல்ல. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

வீடு இருக்கிற தாமான் தெரு முனையைக்கூடத் திரும்பல, ஆரம்பிச்சாச்சு.

"லெப்ட்ல மோட்டார்."

"பார்த்துட்டேன்மா."

"லெப்ட்ல லோரி நிக்குது. கொஞ்சம் ஒதுங்கிப் போ."

"சரிம்மா."

"லெப்ட்ல ஸ்கூல் பிள்ளைங்க."

ரெண்டு நாளா தூக்கம் இல்ல. வேலைக்கு லீவு சொன்னதுக்கு மேனேஜர் போன்ல கடுகடுத்தது வேற மனசுல. முன்னாடி பாலத்துல ஜாம். எனக்குச் சுர்ருனு ஏறுச்சு. எப்பவும் சொல்ற அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துடுச்சு, வாயை மூடிக்கிட்டு வாங்களேன்னு.

"லெப்ட்ல இன்னொரு மோட்டார், வேகமா வரான்"னாங்க அம்மா, கைய டேஷ்போர்டுல ஊனிக்கிட்டு.

பின் சீட்டுல இருந்து அப்பா சொன்னாரு. "விடு கெர்ட்ரூட். அவளுக்கு அந்தப் பக்கமும் தெரியும்."

அம்மா கைய மடியில வெச்சுக்கிட்டாங்க. வாயை இறுக்கி மூடிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க.

சிக்னல் சிவப்பாச்சு. நான் நிறுத்தினேன். எனக்கு முன்னாடி எல்லாம் கலங்கித் தெரிஞ்சுது. ஈஸ்டருக்கு முன்னாடி இருந்து வாரத்துல மூணு நாள், போகும்போதும் வரும்போதும், தலை சுத்தினாலும் வாந்தி வந்தாலும், இந்த மனுஷி கண்ண மூடாம இந்தச் சீட்டுல உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லிக்கிட்டு வந்திருக்காங்க. நான் பின்னாடி உட்கார்ந்துட்டு எரிஞ்சு விழுந்திருக்கேன். அவங்க செஞ்சது தப்புதான். ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச மகா முட்டாத்தனம், யாரையாவது கொன்னிருப்பாங்க. நல்லா திட்டணும்னு வாயைத் திறந்தேன். திட்டு வரல.

பின்னாடி அப்பா பைனாகுலரைத் தூக்கி ஆத்துப் பக்கம் பார்த்துட்டு இருந்தாரு. இடது பக்கத்து மூடியை அவரே மூடி வெச்சிருந்தாரு.

"அம்மா."

"ம்."

"நீங்க சொல்லிட்டே வாங்க."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாங்க. பச்சை விழுந்துச்சு. பின்னாடி ஒருத்தன் அதுக்குள்ள ஹாரன் அடிச்சான். நான் கியரைப் போட்டேன். பாலத்து மேல ஏறும்போது அம்மா தொண்டையைச் செருமிக்கிட்டாங்க.

"லெப்ட்ல மோட்டார் வருது. நிதானமா போ."